அதே ஏழாயிரத்து ஐந்நூறு

"அப்பா, பத்திரத்தைக் காட்டுங்க."

சின்னவள் கேட்டு முடிப்பதற்குள் அப்பாவின் ரேசர் தாடையில் பாதி வழியில் நின்றுவிட்டது. அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த குழாய் மூடப்பட்டது. வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த பெரியவன், 'ஆரம்பிச்சாச்சு' என்பது போல விட்டத்தைப் பார்த்தான்.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். முதலாளியிடம் திட்டு வாங்கினீர்களா என்றுகூடக் கேட்கலாம். சொந்த வீட்டுப் பத்திரத்தை மட்டும் கேட்கக் கூடாது. அவள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அம்மா அவளை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போய், துணி காயப்போட்டபடியே சொன்னாள்: "அப்பாகிட்ட என்ன வேணா கேளு. அந்த ஃபைலை மட்டும் கேக்காத. மனுஷன் உடைஞ்சு போயிடுவார்."

ஒரு காகிதத்தைக் கேட்டால் ஒரு மனுஷன் ஏன் உடைய வேண்டும் என்று அன்றைக்கும் அவளுக்குப் புரியவில்லை. நாலு வருஷமாகியும் புரியவில்லை. இன்றைக்குப் புரிந்தே ஆக வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குள் வங்கியில் கையெழுத்துப் போடப் போவது அவள்தான்.

போன வாரம் அப்பா ஒரு கடன் படிவத்தைக் கொண்டுவந்து அவள் தலையணை மேல் வைத்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. பன்னிரண்டு லட்சம். இருபது வருஷத் தவணை. "வாடகைக்கு விட்ட நம்ம வீடு நல்லா சம்பாதிக்குது. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு விலைக்கு வருது. வாங்கி வாடகைக்கு விட்டுடலாம்" என்றார். அப்பா லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவர். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். அண்ணன் பார்சல் வேன் ஓட்டுகிறான். மூன்று பேர் உழைப்பையும் வங்கி உழைப்பாகவே எடுத்துக்கொள்ளாது. அதற்குச் சம்பளச் சீட்டு வேண்டும். அது இருப்பது ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் சின்னவளிடம் மட்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஆகவே குடும்பத்தின் முதல் கடன்காரியாகும் பாக்கியமும் அவளுக்கே.

"பத்திரம் லாக்கர்ல இருக்கு பாப்பா" என்றார் அப்பா, கண்ணாடியைப் பார்த்து.

"லாக்கரா? நமக்கு எப்பப்பா லாக்கர் வந்துச்சு? நம்ம பீரோவுக்கே பூட்டு கிடையாது."

"பட்டறை லாக்கர்."

"சரி, அந்த வீட்டை எவ்வளவுக்கு வாங்கினீங்க? அதையாவது சொல்லுங்க."

"ஒன்பது லட்சம்."

"எட்டு" என்றாள் அடுப்படியிலிருந்து அம்மா.

"பத்துன்னு தானே என்கிட்ட சொன்னீங்க?" என்றான் பெரியவன்.

அப்பா துண்டால் சோப்பு நுரையைத் துடைத்தார். "எட்டு, வீட்டுக்கு. ஒன்பதுன்னா பதிவுச் செலவோட சேர்த்து. பத்துங்கிறது... உங்க மாமாகிட்ட சொன்னது."

சின்னவள் கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்துத் தட்டினாள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு. "வாடகை மாசம் ஏழாயிரத்து ஐந்நூறு. வருஷத்துக்குத் தொண்ணூறாயிரம். வரி, வெள்ளையடிக்கிறது, மோட்டார் ரிப்பேர், தண்ணித் தொட்டி கழுவுறது எல்லாம் போனா அறுபத்தாறு. அந்த வீடு இன்னைக்கு இருபத்திரெண்டு லட்சம் போகும். நூத்துக்கு மூணு வருதுப்பா. மூணு! பேங்க்ல சும்மா போட்டாலே ஏழு தருவான். இந்த அழகுல ஒன்பதரை வட்டிக்குக் கடன் வாங்கி, மூணு தர்ற இன்னொரு வீடு வாங்கணுமா?"

"மேடம் ஆபீஸை வீட்டுக்கே கொண்டுவந்துட்டாங்க" என்றான் பெரியவன். "மாசம் பொறந்தா கவர் வருதா இல்லையா? அம்மா எண்ணுறாங்களா இல்லையா? அதைப் பாரு."

அதுவும் உண்மைதான். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அப்பா பழுப்பு நிறக் கவரோடு வருவார். மூலையில் கிரீஸ் கறை படிந்த கவர். "இந்தா, வாடகை" என்பார். அம்மா கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டாகச் சத்தம் போட்டு எண்ணுவாள். வங்கி கேஷியர் தோற்றுப்போவார்.

"இன்னொண்ணு கேக்கறேன்" என்றாள் சின்னவள். அவளுக்கு மூக்கு சிவந்திருந்தது. "நாம இருக்கற இந்த வீட்டுக்கு எட்டாயிரம் வாடகை குடுக்கறோம். நம்ம வீட்டுக்கு ஏழரை வாங்கறோம். சொந்த வீட்டை யாருக்கோ விட்டுட்டு யாரோட வீட்லயோ இருக்கோம். இதுல யாரு புத்திசாலி?"

"அது முதலீடு பாப்பா. முதலீட்டுக்குள்ள போய் யாராவது குடியிருப்பாங்களா?"

"ஃப்ரீயா படிச்சவங்களுக்கு எல்லாமே லாபம் நஷ்டமாத்தான் தெரியும்பா. விடுங்க" என்று பெரியவன் வேன் சாவியை எடுத்தான். பத்தாவதோடு நின்றவன் அவன். அந்த முள் எப்போதும் நாக்கு நுனியிலேயே இருக்கும்.

"ஆமாடா, ஃப்ரீயாத்தான் படிச்சேன். அரசாங்கம் ஃபீஸ் தள்ளுபடி பண்ணுச்சு, படிச்சேன். இந்த வீட்ல என் படிப்புக்கு யாரும் ஒரு பைசா குடுக்கல. அதனாலதான் தைரியமா கேள்வி கேக்கறேன்."

அவள் இதைச் சொல்வது முதல் தடவை அல்ல. கல்லூரி மேடையில் சொல்லியிருக்கிறாள், வேலைக்கான நேர்காணலில் சொல்லியிருக்கிறாள், சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குழாயைத் திறந்துவிட்டாள்.

"மூணு மணிக்கு வந்துடு பாப்பா. நானும் அரை நாள் லீவு சொல்லியிருக்கேன்" என்றார் அப்பா. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "அந்த வீட்டுப் பக்கம் மட்டும் போகாத. அங்க குடியிருக்கற அம்மாவுக்கு இப்ப வேலை நேரம்" என்றார்.

அதுவரை அவளுக்கு அங்கே போகும் எண்ணமே இல்லை.

*

இரண்டு பஸ் மாறி, பன்னிரண்டரை மணிக்கு அந்தத் தெருவில் இறங்கினாள். வீடு வாங்கிய பதினொரு வருஷத்தில் அவள் அங்கே வந்தது நாலைந்து தடவைதான். நீல கேட். கேட்டுக்குப் பக்கத்தில் மீட்டர் பெட்டி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, நீளமான அடுப்படி. கிழக்குச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசல். தாளை எடுத்து 'சுவர் – பூச்சு' என்று குறித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் குறையும். நூற்றுக்கு மூன்று என்பது இரண்டே முக்கால் ஆகும்.

குடியிருக்கும் அம்மா, கடைகளுக்கு மூக்குக்கண்ணாடி வில்லை தேய்த்துக் கொடுப்பவர். அப்பா அவரைக் கண்ணாடிக்காரம்மா என்றுதான் சொல்வார். கதவைத் திறந்தவரின் பின்னால், கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். தேய்க்கும் மெஷின்கூடப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

"அட, பொண்ணா! உள்ள வா. உக்கார இடம் இல்ல, பெட்டி மேலயே உக்காரு. அதுல துணிதான், உடையாது."

"காலி பண்றீங்களாம்மா?"

"மாசக் கடைசிதானே? இப்பவே கட்டினாத்தான் ஆகும். எனக்கு ஒரு கண்ணாடியும் உடையக் கூடாது பாரு."

சின்னவளுக்கு முதல் குழப்பம் அங்கே வந்தது. குடியிருப்பவர் காலி பண்ணப் போகிறார். அதை அப்பா ஏன் வீட்டில் சொல்லவில்லை? அடுத்த ஆள் வருகிறவரை வாடகை கிடையாது. கணக்கில் அதற்கும் ஒரு வரி போட வேண்டும்.

"ஒரு கணக்குக்காக வந்தேன். அப்பா உங்களுக்கு மாசாமாசம் ரசீது தர்றாரா?"

"எதுக்கு ரசீது?"

"வாடகைக்கு."

கண்ணாடிக்காரம்மா தன் கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். "வாடகையா? உங்க அப்பாவுக்கு நான் வாடகைன்னு ஒரு ரூபா குடுத்தது இல்லையேம்மா. இது போக்கியத்துக்கு எடுத்த வீடு. மொத்தமா அஞ்சு லட்சம் குடுத்தேன். வாடகை கிடையாது. நான் போகும்போது அந்த அஞ்சு லட்சத்தையும் திருப்பித் தரணும். அவ்வளவுதான் பேச்சு."

"எப்ப குடுத்தீங்க?"

"நான் குடிவந்த அன்னைக்கு. நாலு வருஷம் ஆகுது."

சின்னவள் தாளைப் பார்த்தாள். அதில் முதல் வரி: வாடகை, ஏழாயிரத்து ஐந்நூறு. அவள் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"நீ நம்பலைன்னா பாரு" என்று அவர் கைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். அப்பாவின் கையெழுத்து. கீழே சாட்சிக் கையெழுத்து: குழந்தை எழுதியது போல ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த கையெழுத்து. தேதியைப் பார்த்தாள். அவள் கல்லூரியில் சேர்ந்த அதே வாரம்.

"பொண்ணுக்கு சீட் கிடைச்சிருக்கு, மொத்தமா பணம் கட்டணும்னு ஓடி வந்தார். அவகிட்ட மட்டும் இதைப் பத்திப் பேசிடாதீங்கன்னு கெஞ்சினார்..." கண்ணாடிக்காரம்மா வாயில் கை வைத்தார். "அய்யோ, பேசிட்டேனே! நீ தான் பேங்க்ல பணம் எடுத்துத் தரப்போறதா அவர் சொல்லவும் உனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதம்மா. புது ஊர்ல கடைக்கு அட்வான்ஸ் கட்டணும் நான். மாசக் கடைசிக்குள்ள பணம் வந்துடும் இல்ல?"

"வந்துடும்" என்று அவள் வாய் சொன்னது. எதை நம்பிச் சொன்னது என்று அவளுக்கே தெரியவில்லை.

*

திரும்பும் பஸ்ஸில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டாள். வாடகையே வரவில்லை. அப்படியானால் நாலு வருஷமாக அம்மா எண்ணியது என்ன? நாற்பத்தெட்டு மாதம், மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு, மூன்று லட்சத்து அறுபதாயிரம். அப்பா தன் கூலியிலிருந்தா போட்டார்? அப்பாவின் கூலி அவளுக்குத் தெரியும். வீட்டு வாடகை, மளிகை, கரண்ட், அம்மாவின் முட்டி வைத்தியம். எங்கே கிள்ளினாலும் ஏழாயிரத்து ஐந்நூறு வராது. ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்குப் போகிறார்தான். அதைச் சேர்த்தாலும் வராது.

கூட்டினாள், கழித்தாள், அடித்தாள். பக்கத்தில் இருந்தவர், "பரீட்சையாம்மா?" என்றார். "ஆமா" என்றாள்.

போன மாதம்தான் ஒரு கடைக்காரர் ஒரே வவுச்சரைத் தேதி மாற்றி இரண்டு தடவை காட்டியதை அவள் கண்டுபிடித்து, பெரிய ஆடிட்டரிடம் சபாஷ் வாங்கினாள். பஸ் அவள் நிறுத்தத்தில் நின்றபோது அந்த வவுச்சர் ஞாபகம் வந்தது. இறங்கியவள் நடக்கவில்லை, ஓடினாள்.

*

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்து, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். கைகளில் பிளீச்சிங் வாசனை.

"வா பாப்பா. கிளம்பலாமா?"

"அம்மா, அந்த வாடகைக் கவரை எடு."

"எதுக்குடீ இப்ப?"

"எடும்மா."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அம்மா மறு பேச்சு பேசாமல் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்து வந்தாள். பழுப்புக் கவர். மூலையில் கிரீஸ் கறை. சின்னவள் நோட்டுகளை மேஜைமேல் பரப்பினாள். பதினைந்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். ஒன்றின் முதுகில் ஒட்டு போட்டிருந்தது. இன்னொன்றின் ஓரத்தில் நீல மையில் ஒரு டிக். அந்த டிக் அவள் போட்டது. கல்லூரி முதல் வருஷம், பேனா எழுதுகிறதா என்று கையில் கிடைத்ததில் கிறுக்கிப் பார்த்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

ஊரார் வவுச்சரில் தேதி மாறினால் மோப்பம் பிடிக்கிறவள், சொந்த வீட்டுக் கூடத்தில் நாலு வருஷமாக அதே கவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"இது யார் குடுத்த பணம்?"

அப்பா மடியிலிருந்த பிளாஸ்டிக் உறையை நீவிக்கொண்டிருந்தார். அம்மாதான் சொன்னாள். "முன்னாடி குடியிருந்த டெய்லர். கடைசி மாச வாடகை."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அதேதான். ஒண்ணாம் தேதி அப்பா கொண்டுவருவார், நான் எண்ணுவேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வாக்குல அவர் டிபன் பாக்ஸுக்கு அடியில வெச்சு அனுப்பிடுவேன். மறுபடி ஒண்ணாம் தேதி கொண்டுவருவார்."

"நாப்பத்தெட்டு தடவையா?"

"நாப்பத்தேழு" என்றாள் அம்மா. "ஒரு மாசம் உனக்கு ஜுரம். நீ தூங்கிட்ட. அதனால எண்ணல."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அதே நொடியில் மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போலவும் இருந்தது. எதைச் செய்வது என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தானே பாப்பா சொன்ன" என்றார் அப்பா, தரையைப் பார்த்து. "எனக்காகக் கடன் வாங்கினீங்கன்னா காலேஜ் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு. நீ சொன்னா செய்யறவ. வாடகை நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா கேள்வி கேப்ப. கேட்டா கண்டுபிடிச்சிடுவ."

"ஃபீஸ் தள்ளுபடின்னு சொன்னீங்களே!"

"பாதி தள்ளுபடி. அது சத்தியமா உண்மை."

"அஞ்சு லட்சமும் எனக்கா?"

"நாலரை. மீதி அந்த வீட்டு மோட்டாருக்கு."

அவள் பையிலிருந்து தாளை எடுத்தாள். ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. பேனாவைத் திறந்தாள். நாலரை லட்சத்தை எந்தப் பக்கம் எழுதுவது? வீட்டின் வருமானம் என்றா? வீட்டின் கடன் என்றா? பேனா முனை தாளில் பட்டு ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது.

"என்னை எந்தப் பக்கம்பா எழுதறது?"

"நீ செலவு இல்ல பாப்பா."

"வரவும் இல்லப்பா!" அவள் கத்தியதில் பக்கத்து வீட்டு டி.வி.யின் சத்தம் குறைந்தது. "படிக்க வெச்சீங்க, அது தப்பில்ல. நான் ஊர் பூரா, யாரும் எனக்கு ஒரு பைசா குடுக்கலன்னு மார் தட்டினேனே, ரெண்டு பேரும் முன் வரிசையில உக்காந்து கேட்டுட்டு இருந்தீங்களே, அதுதான் தப்பு. இன்னைக்குக் காலைலகூட அண்ணன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். தடுத்திருக்கலாம் இல்ல?"

அம்மா நோட்டுகளை ஓரம் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பழக்கம். "நீ அப்படிப் பேசறது கேக்க நல்லா இருந்துச்சுடீ" என்றாள்.

சின்னவள் அப்பாவின் மடியிலிருந்து படிவத்தைப் பிடுங்கினாள். "கண்ணாடிக்காரம்மாவுக்குக் குடுக்க வேண்டியது அஞ்சு. இதுல எதுக்குப் பன்னெண்டு?"

"உனக்கு விஷயம் தெரியக் கூடாதேன்னு ரெண்டாவது வீடு வாங்கப் போறதா சொன்னேன். உங்க அண்ணன் அதை நம்பிட்டான். அது தனக்குத்தான்னு நினைச்சுட்டான். அதான்... மீதி ஏழுல அதையும் ஆரம்பிச்சிட்டா, சொன்னது பொய்யில்லன்னு ஆயிடும்."

"சொன்ன பொய்யை உண்மையாக்க ஏழு லட்சமா?"

"கேக்க அப்படித்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார் அப்பா.

மணி மூன்று இருபது. சின்னவள் உட்கார்ந்தாள். பன்னிரண்டு என்றிருந்ததை அடித்து ஐந்து என்று எழுதினாள். இருபது வருஷத்தை அடித்து ஏழு என்று எழுதினாள். இரண்டு திருத்தத்துக்கும் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து. கீழே பெரிதாகக் கையெழுத்து.

"தவணை எட்டாயிரத்து நூத்திச் சொச்சம் வரும். இந்த வீட்டுக்குக் குடுக்கற எட்டாயிரத்தை அதுக்குக் கட்டுவோம். மிச்சத்தை நான் போடறேன்."

"அப்ப இந்த வீட்டுக்கு?"

"அந்தம்மா மாசக் கடைசில காலி பண்றாங்க. மறுநாள் நாம அங்க போறோம்."

அப்பா எழுந்தே விட்டார். "பட்டறைக்கு ரெண்டு பஸ் மாறணும் பாப்பா!"

"மாறுங்க. நானும் இன்னைக்கு மாறித்தான் வந்தேன்."

"ஒரே ஒரு ரூம். அது முதலீடு..."

"இருக்கட்டும். முதலீட்டுக்குள்ள பாய் விரிச்சுப் படுப்போம்."

அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பச்சை ஃபைல் இருந்தது. படுக்கைக்கு அடியில் மடித்த விரிப்புகளுக்கு நடுவே இருந்ததால் சலவை வாசனை அடித்தது. அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. "பத்திரம். போக்கியப் பேப்பரும் இதுலதான் இருக்கு, அதான் கேக்காதன்னேன். எட்டு லட்சம்னு தான் போட்டிருக்கும், பாத்துக்கோ" என்று மகள் கையில் வைத்தாள்.

சின்னவள் பிரித்துப் பார்க்கவில்லை. காலையிலிருந்து கேட்டது கையில் இருந்தது. இப்போது அதைப் படித்தால் இன்னொரு கேள்வி வரும். படிவத்தையும் ஃபைலையும் பையில் போட்டாள். பிறகு கை நீட்டி, மேஜைமேல் இருந்த பழுப்புக் கவரையும் எடுத்தாள்.

"அதைத் தொடாதடீ!" அம்மா பாய்ந்தாள். "ஒண்ணாம் தேதிக்கு வேணும்..." என்றவள் அங்கேயே நின்றாள்.

"வேணாம்மா. பேங்க்ல கட்டணம் கேப்பான், இதுல கட்டிடறேன்." கவரைப் பைக்குள் திணித்தாள். வங்கி நாலு மணிக்கு மூடிவிடும். "அப்பா, நீங்க நேரா பேங்க் வாசலுக்கு வந்துடுங்க. நான் கீழ ஒரு வேலை முடிச்சுட்டு வர்றேன்."

"கீழ என்ன வேலை?"

செருப்பை மாட்டினாள். கதவைத் திறந்தாள். படியில் கால் வைத்தபோதுதான் அம்மாவின் குரல் பின்னால் ஓடி வந்தது.

"ஏய், நில்லுடீ! பெரியவன் நேத்தே அந்த ரெண்டாவது வீட்டுக்கு புரோக்கர்கிட்ட அட்வான்ஸ் குடுத்துட்டானாம்!"

ஒரு படியில் கால் நின்றது. எவ்வளவு, யாரிடம் வாங்கி, எந்தத் தைரியத்தில் என்று மூன்று கேள்விகள் ஒன்றாக வாய்க்கு வந்தன. கேட்டால் திரும்பி மேலே ஏற வேண்டும்.

ஏறவில்லை. மிச்சப் படிகளை இரண்டிரண்டாக இறங்கி, கீழ்த்தளத்தில் வீட்டுச் சொந்தக்காரரின் கதவு மணியை அழுத்தினாள். உள்ளே செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. "மாசக் கடைசியில காலி பண்றோம் சார்" என்ற வாக்கியத்தை அவள் ஏற்கெனவே மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.